சோலைக்காட்டின் ஆரஞ்சுக் குருவி

ஊட்டி, கொடைக்கானல் சோலைக்காடுகளுக்குப் போனால் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கீழே பாருங்கள். பெரணிச் செடிகளும் ஈரச் சருகும் மண்டிய நிழலில், முழங்கால் உயரக் குச்சியில் உட்கார்ந்திருக்கும் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். சிட்டுக்குருவியைவிடச் சிறியது. ஆணுக்குத் தலையும் சிறகும் கன்னங்கரேல். முதுகு, மார்பு, வால் எல்லாம் பளீர் ஆரஞ்சு. பெண்ணுக்குத் தலையும் சிறகும் கரும்பழுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது! எவ்வளவு பெரிய கொடுப்பினை நமக்கு!

குரல் மிக மெல்லிய கீச்சொலி. ஏதோ பூச்சி என்று கடந்துவிடுவோம். கேட்டால் அப்படியே நில்லுங்கள், தானாக வெளியே வரும். மார்ச் முதல் மே வரை கூடு கட்டும் காலம். தாழ்ந்த புதரில்தான் கூடு இருக்கும். செடிகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள்.