ஆந்தை தேடி – 9: தென்னைமரத்துக் கூகை

மீன் ஆந்தையை இந்த வாரம் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் அலையாத்திக் கரையில், டிசம்பர் மழையில், டார்ச் லைட்டோடு நின்றேனே, நினைவிருக்கும். அது அங்கேயே இருக்கட்டும். திரும்பும் வழியில் ஒரு பெயர்ப்பலகை என்னைப் பிடித்துக்கொண்டது.

பழைய பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா. அங்கே ஒரு தோட்டத்தின் பெயர் ரோமன் எழுத்தில் 'தென்னமாரம்'. எத்தனையோ முறை கடந்துபோன பெயர்தான். அன்றைக்கு வாய்விட்டுப் படித்தேன். தென்னைமரம்!

1917-இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை மலாயாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்டது இந்தத் தோட்டத்தில்தான். அதே துரை பிறகு 'மலேஸி' என்று ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் செம்பனையின் பிறந்தவீட்டுக்குப் பெயர் தென்னைமரம்! புத்தகத்தில் நிற்பது துரையின் பெயர்; பலகையில் நிற்பது நம் பேச்சு. வீட்டில் எல்லோரிடமும் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இனி உங்கள் முறை.

ஆந்தை எங்கே என்கிறீர்களா? வருகிறது. செம்பனைப் பழம் எலிக்கு விருந்து. வெட்டி அடுக்கிய மட்டைக்குவியல் அதற்கு வீடு. எலி பெருகிய இடத்துக்குக் கூகை வரத்தான் வேண்டும். ஆனால் கூகை கூடு கட்டாது, பொந்து தேடும். செம்பனையில் பொந்து ஏது? 1960களின் இறுதியில்தான் ஜொகூர்த் தோட்டமொன்றில் அது குஞ்சு பொரித்தது பதிவானது. பிறகு தோட்டங்களே கம்பம் நட்டுப் பலகைப்பெட்டி வைத்தன. ஏறத்தாழ பத்து ஹெக்டருக்கு ஒன்று. செகிஞ்சான் பக்கத்து நெல்வயல்களிலும் இந்தப் பெட்டிகளைப் பார்க்கலாம். குஞ்சுள்ள ஒரு சோடி ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்பது கணக்கு. எலிமருந்தை அள்ளி வைத்தால் அந்தக் கணக்கு கெடும்: மருந்து தின்ற எலி, எலியைத் தின்ற கூகை, இரண்டும் போகும்.

ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் தேநீர்க் கடையில் சொன்னது இது. கூகை அலறினால் சாவு என்று லயமே நடுங்கிய காலம். இவருக்கோ ஏணி வைத்து ஏறிப் பெட்டியில் குஞ்சு எண்ணுகிற வேலை. மாலையில் அம்மா கொல்லைப்புறத்தில் தண்ணீரோடு நிற்பாராம். சாவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அந்த வேலைக்கு வந்த சம்பளத்தை மட்டும் அம்மா தலைமுழுகச் சொன்னதில்லை.

மீன் ஆந்தை அடுத்த வாரம். டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கியாகிவிட்டது.