பழைய போலீஸ் தோல் ஜாக்கெட்

அமெரிக்க மோட்டார் சைக்கிள் போலீசார் அணிந்த பழைய தோல் ஜாக்கெட்டுகள் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் பொருள்கள். 1950களுக்கு முந்தையவற்றில் பல, கெட்டியான குதிரைத் தோலால் ஆனவை. பின்னர் மாட்டுத் தோல் பரவியது. இடது மார்பில் பேட்ஜ் குத்த இரு துளைகளுடன் தைத்த சிறு தோல் பட்டையே இவற்றின் முக்கிய அடையாளம். ஜிப்பின் வடிவமும் உள்பக்க லேபிளும் காலத்தைக் கணிக்க உதவும்.

சீரமைக்கும்போது முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்ட வேண்டும். பூஞ்சையை ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் பட்டால் தோல் வெடிக்கும். பிறகு லெதர் கண்டிஷனரை மெல்லிதாகப் பூசலாம். எண்ணெய் மிகுந்தால் தையல் நூல் நலிந்துவிடும். தொட்டதும் செந்நிறத் தூளாக உதிரும் தோலை மீட்க முடியாது. பழைய ஜிப்பை மாற்றாமல் பழுதுபார்ப்பதே நல்லது. அசல் பாகங்களே ஜாக்கெட்டின் மதிப்பைக் காக்கும். அகலமான ஹேங்கரில் மாட்டினால் தோள்பட்டை உருக்குலையாது.