தொடர்ச்சிப் புதினமும் சுவைஞர் தீர்ப்பும்

ஒருவர் பாடி முடித்த கதையைப் பிறிதொரு நூலால் நீட்டுதல் தமிழுக்குப் புதிய வழக்கன்று. சிலப்பதிகாரத்தை அடுத்து மணிமேகலை நிற்கின்றது. கம்பர் பாடாது விட்ட உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் இராம காதையின் இறுதியில் இணைந்து வழங்குகின்றது. இவ்விரண்டனையும் புலவர் உலகம் நன்கு ஆராய்ந்துள்ளது. ஆயின் அண்மைக் காலத்துத் தொடர்கதைகளுக்கு எழுந்த தொடர்ச்சிப் புதினங்களையும், அவற்றைக் குறித்துப் படிப்போர் கூறிவந்த கருத்துகளையும் ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வார் அரியர். அவை வாரப் பத்திரிகையைச் சார்ந்தவை என்பதனாலேயே ஆராயத் தகாதனவாகிவிடா. இக்கட்டுரையில் அக்கருத்துகளின் இயல்பைச் சிறிது காண்பாம்.

மேனாட்டில் இவ்வகை நூல்கள் தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளன. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பாகிய 'ஸ்டார் டிரெக்' என்னும் விண்வெளித் தொடரின் கதைகளை, ஜேம்ஸ் பிளிஷ் என்பார் 1967 முதல் சிறுகதைகளாக எழுதி வெளியிட்டார். 1970இல், திரையில் வாராத புதுக்கதை ஒன்றையும் அவரே புதினமாக்கினார். தொடர் நின்றபின் அதன் சுவைஞர்க்குக் கையில் எஞ்சியவை மறு ஒளிபரப்பும் இத்தகைய நூல்களுமே. பிரித்தானிய நாட்டில் 1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் தொடரின் நிலை இன்னும் வியப்புடையது. அதன் பழைய பகுதிகள் பலவற்றை ஒளிபரப்பு நிறுவனமே அழித்துவிட்டது. அதனால், அவற்றைத் தழுவி எழுந்த சிறு புதினங்களே நெடுங்காலம் மூலத்தின் இடத்தில் இருந்து படிக்கப்பட்டன. உரையே மூலமாகிவிட்ட விந்தை இது! 2014ஆம் ஆண்டில் மற்றொன்று நிகழ்ந்தது. 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படங்களின் உரிமை பெற்ற நிறுவனம், அதுகாறும் வெளிவந்த தொடர்ச்சிப் புதினங்களையெல்லாம் மூலக்கதையின் வரலாற்றிலிருந்து விலக்கிப் 'பழங்கதைகள்' என்னும் பொருள்படும் பெயரிட்டுத் தனி வரிசையாக்கியது. பல்லாண்டுகளாக அவற்றைப் படித்துப் போற்றியோர் அத்தீர்ப்பை எளிதில் ஏற்றிலர்.

இச்செய்தியைக் கேட்கும் தமிழ் மாணவர்க்குக் கம்பராமாயணப் பதிப்புகள் நினைவிற்கு வருதல் இயல்பு. கம்பர் பாடல்களைப் பயின்று தோய்ந்த நெஞ்சினர் பலர் தாமும் பாடி இடையிடையே சேர்த்தனர். அவை 'வெள்ளி பாடல்கள்' எனப் பெயர் பெற்றன. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பார் பாடிச் சேர்த்தமையின் அப்பெயர் வந்தது என்பர். பிற்காலப் பதிப்பாசிரியர்கள் அவற்றை மிகைப் பாடல் எனப் பிரித்தெடுத்து வேறாக அச்சிட்டனர். செய்தவர்களை நாம் குறை கூறுவதற்கில்லை, பாடத்தைத் தூய்மை செய்தல் பதிப்பாசிரியர் கடனன்றோ. எனினும் அப்பாடல்கள், கம்பனைப் படித்தோர் எங்கெங்கே நிறைவு பெறாது நின்றனர், எங்கெங்கே இன்னும் வேண்டும் என விழைந்தனர் என்பதற்குச் சான்றுகள் ஆகும். இந்நோக்கில் அவற்றைப் பயில்வார் இன்றும் மிகுதியாக இல்லை.

இனித் தற்காலத்திற்கு வருவாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வெளிவந்தது. கதை முடிந்ததும் அது திடுமென முடிந்துவிட்டது எனப் பலர் குறைபட்டனர். கதைமாந்தர் பின்னர் என்னாயினர் என வினவினர். அவ்வினாக்களைத் திரட்டி ஆசிரியர் முடிவுரையில் விடை கூறினார். அம்முடிவுரை நூற்பதிப்புகளிலும் இடம் பெற்றுள்ளது. படிப்போர் கருத்து நூலினுள்ளேயே இடம் பெற்றுப் பிழைத்த அரிய நிகழ்ச்சி இது. எஞ்சிய வரலாற்றைப் பிற எழுத்தாளர்கள் புதினங்களாக எழுதுவர் என்னும் நம்பிக்கையையும் அவர் அதன்கண் வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

அமுதசுரபி இதழின் ஆசிரியராக நெடுங்காலம் விளங்கிய விக்கிரமன், பொன்னியின் செல்வன் விட்ட இடத்திலிருந்து தொடரும் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். பின்னர்ப் பாலகுமாரன் 'உடையார்' என்னும் ஆறு பாகப் பெருநூலில் இராசராசனின் பிற்கால வாழ்வையும் தஞ்சைப் பெருங்கோயிலையும் பொருளாகக் கொண்டார். 'உடையார்' வேறு நோக்கில் எழுந்த நூல். ஆயினும் படிப்போர் அதனையும் கல்கியின் தொடர்ச்சியாகவே வரிசைப்படுத்திக்கொள்கின்றனர். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மணிரத்தினத்தின் திரைப்படம் இரு பகுதிகளாக வெளிவந்தபின் மூலத்தைத் தேடிய இளைஞர் பலர், முடித்தவுடன் 'அடுத்து எதைப் படிப்பது?' என்று கேட்டு இந்நூல்களை நாடினர்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. 'நந்திபுரத்து நாயகி'யைப் பாராட்டுவோர், கல்கியே முடிவுரையில் வழிவிட்டார் என்பதை முதற்கண் எடுத்துரைப்பர். நூலின் சுவையைக் கூறுமுன் அதன் உரிமையை நிறுவுகின்றனர். இது பழைய முறையே. ஒட்டக்கூத்தர் தம் இராமாயணத்தைக் கிழித்தெறிந்தபோது கம்பரே சென்று தடுத்து உத்தரகாண்டத்தை மட்டும் காத்தார் என்றொரு கதை வழங்குகின்றது. வரலாறாகக் கொள்ளத் தகாத அக்கதை ஏன் பிறந்தது? மூலநூல் ஆசிரியர் கையாலேயே தொடர்ச்சி நூலுக்கு இசைவு பெற்றுத் தரவேண்டும் என்னும் விருப்பமே அதனைப் படைத்தது என்பது எம் கருத்து. சிலப்பதிகார, மணிமேகலைப் பதிகங்கள் அடிகளையும் சாத்தனாரையும் ஒருவர் நூலை ஒருவர் கேட்டவராகக் காட்டுதலும் இவ்விருப்பத்தொடு வைத்து எண்ணத்தக்கது. கல்கிக்கு நேர்ந்தது ஒன்றே வேறுபாடு: இங்கு இசைவு கற்பனையன்று, அச்சிலேயே உள்ளது.

வரலாற்றுப் புதினத்தின் தொடர்ச்சியை எடைபோடுவார்க்குப் புறச்சான்று ஒன்று துணை நிற்கின்றது. வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா என்னும் வினாவிற்குத் தஞ்சைக் கோயிற் கல்வெட்டு விடை தரும். அதன்கண் குந்தவையார் வல்லவரையர் வந்தியத்தேவர் தேவியார் எனக் குறிக்கப்பெறுகின்றார். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு உண்டு. அதனைக் கொண்டு உத்தம சோழரை ஐயுற்ற நீலகண்ட சாத்திரியார் கருத்தும், அதனை மறுத்த சதாசிவ பண்டாரத்தார் கருத்தும் உண்டு. ஆதலின் தொடர்ச்சி நூல் பிறழ்ந்தால், 'கல்வெட்டிற்கு மாறு' என ஒரு சொல்லால் விலக்கிவிடலாம். அறிவியல் புனைகதைக்கு இத்தகைய துணை இல்லை. வாராத காலத்திற்குக் கல்வெட்டு ஏது? அங்கே படிப்போர் தீர்ப்பு முழுவதும் நூலின் அகத்தையே சார்ந்து நிற்றல் வேண்டும். இவ்வேறுபாட்டை விளக்கச் சுஜாதாவின் இரு நூல்கள் தக்க சான்றாகும்.

'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்னும் சர்வாதிகாரி இந்தியாவை ஆள்கின்றான். மக்கட்பேற்றிற்கும் அரசின் இசைவு வேண்டும். பெயர்கள் ஈரெழுத்தில் அமைதல் வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீனோ என அனைத்தும் அவ்வாறே. (ரகரம் மொழிமுதல் வாராது என்னும் விதியைப் போற்றி 'இரவி' என எழுதின், அவர் சட்டத்தை மீறியவர் ஆவார். ஆதலின் இவ்விடத்து இலக்கணத்தை யாம் தளர்த்திக்கொண்டோம்.) ஜீனோ என்பது நாய் வடிவப் பொறி. நூல்களைப் படித்து, படித்ததைத் தொடர்ந்து சிந்தித்து, தன்னைப் படைத்தோர் கருதாத அளவிற்கு அறிவு பெறுகின்றது. இதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. இதன்கண் ரவியும் மனோவும் நிலாவை அரசியாக்கி அவள் பெயரால் தாம் ஆள முற்படுகின்றனர். முதற்கதை தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. மேனாட்டில் திரையிலிருந்து நூல் பிறந்தது, இங்கோ நூலிலிருந்து திரை பிறந்தது. எனினும் தொலைக்காட்சியில் முதற்கண் கண்டு, பின்னர் 'மீண்டும் ஜீனோ'வைப் படித்தவர்க்கு அது ஒரு தொலைக்காட்சித் தொடரை விரித்தெழுந்த நூலாகவே தோன்றியது. கதை குறித்த 2021ஐ ஒட்டிய காலம் இன்று கடந்துவிட்டது. அதனை நினைந்து நகைப்பாரும் உளர்.

சென்னை ராஜா அண்ணாமலைபுரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவிய அண்ணாமலைச் செட்டியார் பெயர் தாங்கிய பகுதி. அங்கு வாழும் அன்பர் சிலரோடு இந்நூல்களைப் பற்றி உரையாடும் வாய்ப்பு எமக்குப் பலகால் கிட்டியது. வாரந்தோறும் விகடனுக்குக் காத்திருந்து படித்தவர் சிலர், தொலைக்காட்சி வழியே வந்தவர் சிலர், நூலாகப் படித்த இளையோர் சிலர். அவர்தம் கருத்துகள் ஒருபடித்தானவை அல்ல. வாரந்தோறும் படித்த மூத்தோரிற் பலர் 'மீண்டும் ஜீனோ'வைக் குறைவாக மதித்தனர். முதற்கதையின் இறுதியில் கொடுங்கோன்மை வீழ்ந்தது, வீழ்த்தியவர்களே அடுத்த நூலில் வஞ்சகராயினர், ஆகவே தாம் அன்று பெற்ற மகிழ்ச்சி பொய்யாயிற்று என்பது அவர் முறையீடு. இளையோர் இதனை மறுத்தனர். ஆட்சியைக் கைப்பற்றினோர் இரண்டாம் நாளே வேறுபடுதல் உலகியல் ஆதலின், தொடர்ச்சி நூலே முதல் நூலுக்கு உண்மை சேர்த்தது என்றனர். திரை வழியே வந்தவர் அரசியலைப் பொருட்படுத்தவே இல்லை. ஜீனோவின் பேச்சு படிக்கும்போது ஒருவகையாகவும் கேட்கும்போது வேறாகவும் இருந்தது என்பதே அவர் பேச்சின் பெரும்பகுதி.

ஆனால் ஒரு செய்தியில் மூவகையாரும் ஒன்றுபட்டனர். 'இது ஜீனோ அன்று' என ஒருவரும் கூறிற்றிலர். நிகழ்ச்சியைக் குறை கூறினர், முடிவைக் குறை கூறினர், நாயின் குரலைக் குறை கூறினாரில்லை. இதனைப் பொன்னியின் செல்வன் தொடர்ச்சிகளைப் பற்றிய பேச்சோடு ஒப்பிட்டு நோக்குக. அங்கே நிகழ்ச்சிகளைப் பற்றிய பூசல் குறைவு. ஆழ்வார்க்கடியான் வாய்திறந்தவுடனேயே 'இது கல்கியின் நம்பி அல்லன்' என்னும் முறையீடு எழுந்துவிடும். வந்தியத்தேவன் துடுக்கும் அவ்வாறே அளக்கப்படும். மூல ஆசிரியரே தொடர்ந்தால் படிப்போர் முடிவைக் காக்க முற்படுகின்றனர். பிறர் தொடர்ந்தால் குரலைக் காக்க முற்படுகின்றனர். உரிமை ஐயத்திற்கு இடமில்லாதபோது கதைப்போக்கு வழக்காகின்றது, ஐயமுள்ளபோது மொழிநடை வழக்காகின்றது. எம் உரையாடல் சிறுவட்டத்தினது. அதனின்று சட்டம் வகுத்தல் பொருந்தாது. ஆயினும் மிகைப் பாடல்களைப் பிரித்தெடுத்த பதிப்பாசிரியரும் நடை வேறுபாட்டையே தலையாய சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டனர் என்பது நினையத்தக்கது. பழகிய செவி செய்த வேலையையே அவர் முறைப்படுத்திச் செய்தனர்.

படிப்போர் ஆற்றல் தொடர்ச்சியை அளப்பதோடு நிற்பதும் இல்லை. சுஜாதா குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்னும் வரலாற்றுக் கதை, எதிர்ப்பு எழுந்தமையால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. பின்னர் 'இரத்தம் ஒரே நிறம்' என மாற்றி எழுதப்பட்டது. அதனைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

இவ்வகை ஆராய்ச்சிக்குரிய மூலங்கள் விரைந்து அழிந்துவருகின்றன என்பதே இன்று கவலைக்குரிய செய்தி. தொடர்கதைகளை அக்காலத்தார் இதழிலிருந்து கிழித்தெடுத்து, நூலால் தைத்து, துணி முதுகு ஒட்டிப் பைண்டு செய்து வைத்தனர். ஓவியமும் வார எண்ணும் அவற்றில் உள்ளன. நூற்பதிப்பில் அவை பெரும்பாலும் இரா. ஆனால் வாசகர் கடிதப் பகுதி வேறு பக்கத்தில் அச்சாகும். ஆதலின் கதையைக் காத்தவர் கடிதத்தைக் காத்தாரல்லர். கதைப் பக்கத்தின் மறுபுறத்தில் தற்செயலாக அமைந்த கடிதமே பிழைத்தது, அதுவும் ஓரம் வெட்டுண்டு பாதியாக. பழைய வீடுகள் இடிந்து அடுக்கு மாடிகள் எழும் இந்நாளில் இத்தொகுதிகள் எடைக்குப் போகின்றன. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் முழு இதழ்கள் காக்கப்பெற்றுள்ளன. முதுகலை மாணவர் ஒருவர் 'பொன்னியின் செல்வன்' முடிந்த 1954ஆம் ஆண்டின் கல்கி இதழ்களையும், 'மீண்டும் ஜீனோ' வந்த காலத்து விகடன் இதழ்களையும் எடுத்து, கடிதப் பகுதிகளை மட்டும் வாரம் வாரமாகப் படியெடுத்தால், முடிவுரையில் கல்கி விடையளித்த வினாக்களோடு அவர் விடையளிக்காது விட்டவற்றையும் அடுத்தடுத்து வைத்துக் காணலாம்.