பத்து நாள் பள்ளிக்கு இரண்டு மாத ஆயத்தம்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களின் கிறிஸ்தவ ஊர்களில் வி.பி.எஸ். களைகட்டிவிடும். விடுமுறை வேதாகமப் பள்ளி என்ற முழுப்பெயர் நோட்டீசில் இருக்கும். பிள்ளைகளுக்கு அது வி.பி.எஸ். தான். காலை ஒன்பது மணி வாக்கில் ஆலய வளாகத்தில் கூடுவார்கள். ஆக்‌ஷன் பாட்டு, வேதாகமக் கதை, மனப்பாட வசனம், கைவேலை, விளையாட்டு, நடுவே பிஸ்கட்டும் ஜூஸும் என்று நண்பகல் வரை போகும். ஐந்து நாளில் முடிக்கிற சபைகள் உண்டு, பத்து நாள் நடத்துகிற சபைகளும் உண்டு. கடைசி நாள் மாலை கலைநிகழ்ச்சி, பரிசு, சான்றிதழ். பக்கத்துத் தெருவிலிருந்து கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் ஆசையோடு வந்து உட்காருவார்கள்.

இத்தனையையும் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்த மாணவி, பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, சிற்றுண்டிப் பொறுப்பை ஏற்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்தார். ஒரு வி.பி.எஸ். நன்றாக நடப்பதும் நடக்காததும் இவர்களைத் தேர்ந்தெடுத்துத் தயார்ப்படுத்துவதில்தான் இருக்கிறது. மேடை அலங்காரத்துக்கும் தோரணத்துக்கும் செலவிடுகிற அக்கறையில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும்.

தன்னார்வலர்களை நம்பித்தான் இந்தப் பள்ளியே பிறந்தது. 1894-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஹோப்டேல் என்ற சிற்றூரில், பள்ளி ஆசிரியையான திருமதி மைல்ஸ் கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி வேதாகமம் கற்பித்தார். ஞாயிறு வகுப்புக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரம் அவருக்குப் போதவில்லை. 1898-ல் நியூயார்க்கில் வர்ஜீனியா ஹாஸ் என்ற பெண்மணி, நெருக்கடியான குடியிருப்புகளில் வெயிலில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக மதுக்கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் பள்ளி நடத்தினார். வேறு இடம் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் அதே நகரத்தில் ராபர்ட் போவில் இதைப் பல இடங்களுக்கு விரித்தபோது, கற்பிக்க அழைத்தது இறையியல் கல்லூரி மாணவர்களை. மாணவருக்கும் விடுமுறை, பிள்ளைகளுக்கும் விடுமுறை என்ற அந்தக் கணக்கில்தான் நம் ஊர் வி.பி.எஸ். இன்றும் ஓடுகிறது.

ஏப்ரல் கடைசியில் பள்ளி என்றால் பிப்ரவரியிலேயே ஆள் தேடத் தொடங்க வேண்டும். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புச் செய்துவிட்டு "விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்" என்று காத்திருப்பது பெரும்பாலான சபைகளின் வழக்கம். வழக்கமாகக் கை தூக்குகிறவர்களே இந்த வருஷமும் தூக்குவார்கள். கூச்ச சுபாவமுள்ள நல்ல ஆசிரியர் பின் பெஞ்சிலேயே இருந்துவிடுவார். அனுபவமுள்ள வி.பி.எஸ். இயக்குநர் வீடு தேடிப் போவார். "தம்பி, ஏதாவது உதவி செய்" என்று பொதுவாகச் சொல்லாமல், "நாலாம், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைவேலை, தினமும் ஒரு மணி நேரம், எல்லா நாளும் வர முடியுமா?" என்று கேட்பார். என்ன வேலை, எவ்வளவு நேரம் என்று தெரிந்தால்தான் ஒருவர் மனசார ஒப்புக்கொள்வார். முடியாது என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுவார்.

எல்லாரும் கதை சொல்ல வேண்டியதில்லை. பெயர் எழுத, தண்ணீர் பார்க்க, வாசலில் நிற்க, முதலுதவிப் பெட்டியோடு உட்கார ஆள் வேண்டும். நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா சபையில் ஒருவர் இருந்தால் முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது நல்லது. ஏப்ரல், மே வெயிலில் ஓடியாடும் பிள்ளை மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருக்க வேண்டியவர் அவர்.

பயிற்சி முகாமில் பாட்டும் அசைவுகளும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். வகுப்பை நடத்துவதுதான் கஷ்டம். ஐந்து வயதுக் குழந்தை ஒரே இடத்தில் அரை மணி நேரம் கதை கேட்காது. பத்து நிமிஷத்துக்குள் முடித்துவிட்டுக் கிரயானைக் கையில் கொடுத்துவிட வேண்டும். ஏழாம் வகுப்புப் பையனிடம் அதே தொனியில் பேசினால் அடுத்த நாள் வர மாட்டான். சேட்டை செய்கிறவனை அடிக்காமல், எல்லார் முன்னாலும் வெட்கப்படுத்தாமல் எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பதைப் புதிய ஆசிரியர்கள் முன்கூட்டியே நடித்துப் பார்த்துப் பழக வேண்டும். வாயால் சொல்லிக் கொடுத்தால் இது வராது.

அடுத்தது எண்ணிக்கை. ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள் என்பது நம் ஊரில் சாதாரணமாகக் காணும் காட்சி. பிரிட்டனின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.சி. நாலு முதல் எட்டு வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பரிந்துரைக்கிறது. பெரிய பிள்ளைகள் 48 பேர், சின்னப் பிள்ளைகள் 48 பேர் என்று வைத்துக்கொண்டால் பதினான்கு பெரியவர்கள் தேவை. வாசலும் சமையலும் தனி. அந்த அளவை எட்ட முடியாத சபைகூட, எந்த வகுப்பிலும் ஒரே ஒரு பெரியவர் மட்டும் இருக்கக் கூடாது என்ற விதியையாவது கட்டாயமாக்கலாம். இருவர் இருந்தால் ஒருவர் பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகும்போது மற்றப் பிள்ளைகள் தனியாக விடப்பட மாட்டார்கள்.

இதைவிட முக்கியமான காரணமும் உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களால்தான் நடக்கின்றன. "நம்ம சபைப் பையன்தானே" என்ற நம்பிக்கை சோதனை ஆகாது. ஊருக்குப் புதிதாக வந்து, வந்த வாரமே பிள்ளைகளோடு இருக்க ஆசைப்படுகிறவரை, அவரை அறிந்தவர்களிடம் விசாரிக்காமல் சேர்க்கக் கூடாது. பழைய ஆளாக இருந்தாலும் மனதில் நெருடல் வந்தால் பிள்ளைகளோடு தொடர்பில்லாத வேலையைத் தந்துவிடுவதே சரி. அப்படி மறுப்பது இயக்குநருக்குச் சங்கடம்தான். சில குடும்பங்கள் கோபித்துக்கொள்ளவும் கூடும். அந்தச் சங்கடத்தை ஆயர் அவரோடு சேர்ந்து சுமக்க வேண்டும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-ல் வந்த போக்சோ சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்கிறது. ஒரு குழந்தைக்கு இந்தச் சட்டம் சொல்லும் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. தனக்குக் கீழே பணிபுரிகிறவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. சபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ள இதில் இடமில்லை. ஒரு பிள்ளை தன்னிடம் எதையாவது சொன்னால் குறுக்கே கேள்வி கேட்காமல் கேட்டு, யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்பது ஒவ்வொரு தன்னார்வலருக்கும் முதல் நாளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு உதவிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். போன வருஷம் வரை வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். உற்சாகம் நிறைய இருக்கும். சின்னப் பிள்ளைகள் இவர்களைத்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் இவர்களும் குழந்தைகள். ஒரு வகுப்பை முழுசாக இவர்களிடம் ஒப்படைப்பது இரு தரப்புக்கும் அநியாயம். ஒரு பெரியவரின் கண் பார்வையில் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் உதவட்டும். சில வருஷங்களில் நல்ல ஆசிரியர்களாக வளர்வது இவர்கள்தான்.

பெற்றோரிடமும் மறைவு இருக்கக் கூடாது. இங்கே வேதாகமம் கற்பிக்கப்படும் என்பதை நோட்டீசிலும் பதிவுச் சீட்டிலும் தெளிவாக எழுதி, அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்ட பிறகே பிள்ளையைச் சேர்க்க வேண்டும். மற்ற மதத்துக் குடும்பங்கள் சபையின் மீது வைக்கும் நம்பிக்கைக்குச் செலுத்தும் மரியாதை அது. அதே சீட்டில் ஒவ்வாமை, உடல்நலக் குறைவு, வீட்டுக்கு அழைத்துப் போக வருகிறவரின் பெயர், படம் எடுக்கச் சம்மதமா என்ற விவரங்களும் இருக்கட்டும். பிள்ளைகளின் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் நினைத்தபடி பரப்புவதை நிறுத்த இதுவே வழி.

அடுத்த விடுமுறையில் பிள்ளையை அனுப்பப் போகும் பெற்றோரே, முதல் நாள் வாசலில் தயங்காமல் கேளுங்கள்: வகுப்பில் எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள், என் பிள்ளையை யாரிடம் ஒப்படைத்து அனுப்புவீர்கள்? நன்றாக நடத்துகிற சபை இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்லும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ உங்கள் கைபேசியிலும் பதிந்து வையுங்கள்.