மலைச்சரிவில் வீடும் மண் காப்பும்

வீடு மழையிலிருந்து மனிதரைக் காப்பதற்காகக் கட்டப்படுவது. ஆனால் மலைச்சரிவில் முறை தவறிக் கட்டிய வீடு மழையாலேயே அழிவுக்குள்ளாகும். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரி ஜில்லாவில் பெய்த பெருமழையின்போது பல இடங்களில் மண் சரிந்து, 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைவாழ் மக்களுக்கு வீடு கட்டித் தரும் பணியில் ஈடுபடுவோர் யாவரும் இதனை நினைவிற் கொள்ளுதல் அவசியம்.

பழங்குடியினருள் மிகவும் நலிந்த 75 பிரிவினருக்காக 2023-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி ஜன்மன் திட்டம், உறுதியான வீடுகள் கட்டவும் வகை செய்தது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவினர் இதில் அடங்குவர். இந்த ஆறு பிரிவினரும் நீலகிரியில் வாழ்கின்றனர். வீடு அவர்களுக்கு வேண்டியதே. அந்த வீட்டால் அவர்களுடைய ஊற்றும் காடும் கெட்டுவிடலாகாது.

முதலில் நில உரிமையைக் கவனிப்போம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தகுதியுள்ள வனவாசிகளுக்குக் காட்டு நிலத்தில் குடியிருக்கும் உரிமையை அங்கீகரிக்கிறது. சாலை, குடிநீர்க் குழாய், மின்கம்பி முதலிய 13 பொது வசதிகளுக்குக் காட்டு நிலத்தைப் பயன்படுத்தவும் அது இடமளிக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்கவேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. கிராம சபையின் சிபாரிசும் வேண்டும். தனி வீடு இந்த 13 வசதிகளில் சேராது. ஆகவே காட்டு நிலமாயின், குடியிருப்பு உரிமை அங்கீகரிக்கப்பட்டுள்ளதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நீர்ப்பிடிப்பு இடங்களையும் ஊற்றுகளையும் காக்கும் அதிகாரத்தையும் இச்சட்டம் கிராம சபைக்கு அளித்துள்ளது. மலைப் பிரதேச மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் அமலில் இருப்பதால், அது பொருந்தும் இடங்களில் அனுமதியின்றி மரம் வெட்டக்கூடாது.

அடுத்தது மனையைத் தேர்ந்தெடுத்தல். மழைநீர் கூடி ஓடும் மடிப்பு, செங்குத்துச் சரிவின் அடிவாரம், சதுப்பு நிலம் ஆகியவற்றை விலக்க வேண்டும். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், புதிதாகக் கசியும் நீர் ஆகியவை மண் நகர்வதற்கு அறிகுறிகள். எந்த ஓடை எந்த மழையில் பெருகும், யானை எவ்வழியே செல்லும் என்பவற்றை அவ்வூர் முதியோர் நன்கறிவர். வரைபடம் தயாரிப்பதற்கு முன்னரே அவர்களுடன் நிலத்தை நடந்து பார்ப்பது நன்று.

கட்டும் வேலையில் வடிகாலே முதல் வேலை. வீட்டின் மேற்புறத்தில் ஒரு கால்வாய் வெட்டி, மழைநீரை உறுதியான ஓடையில் சேர்த்தபின் அஸ்திவாரம் தோண்டவேண்டும். வயலில் சமமட்ட வரப்பு அமைப்பதுபோல, வீட்டின் நீளமும் சரிவுக்குக் குறுக்காக அமைந்தால் மண்ணைக் குறைவாக வெட்டினால் போதும். வெட்டிய பக்கத்திற்குத் தடுப்புச் சுவர் எழுப்பி, சுவரின் பின்னே தேங்கும் நீர் வெளியேறத் துவாரங்கள் விடவேண்டும். துவாரமில்லாத சுவர் நீரின் பாரத்தால் சாயும். மண் வேலையை மழைக்காலத்தில் தொடங்கலாகாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை உள்ள மாதங்கள் ஏற்றவை.

தோண்டிய மண்ணைச் சரிவில் தள்ளிவிடுவது பெரும் தவறு. அது முதல் மழையிலேயே ஓடையை அடைத்து, கீழுள்ள வயலையும் மூடும். மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்திருந்து, வேலை முடிந்ததும் பரப்பி, வெட்டிவேரும் உள்ளூர்ப் புல்லும் நடவேண்டும். மிஞ்சிய சிமெண்டுக் கலவையை ஓடையில் கழுவுவது மீன்களுக்கும் கால்நடைகளுக்கும் கேடு.

கழிப்பிடத்திற்கு இரட்டைக் குழி முறை ஏற்றது. ஒரு குழி நிரம்பியபின் அதனை மூடி, மற்றதைப் பயன்படுத்தலாம். மூடிய குழியிலுள்ளது இரண்டாண்டுகளில் எருவாகிவிடும். குடிநீர் ஆதாரத்திலிருந்து குழி 10 மீட்டருக்குக் குறையாமல் தள்ளியிருக்க வேண்டும். மலையில் இந்தத் தூரம் மட்டும் போதாது. ஊற்றுக்கு மேற்புறத்தில் குழி ஒருபோதும் அமையலாகாது. நிலத்தடி நீர்மட்டம் குழியின் அடியிலிருந்து 2 மீட்டராவது கீழே இருப்பது அவசியம்.

இவற்றுக்குச் சிறிது கூடுதல் செலவும் காலமும் ஆகும். எனினும் கால்வாய்க்காகச் செலவிடும் பணம் வீட்டைக் காக்கும் பணமே. தொகையை வழங்குமுன் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சுவரின் உயரத்தை மட்டும் அளந்து திருப்தியடையாமல், வடிகால் முடிந்துள்ளதா, மண் எங்கே கொட்டப்பட்டது, ஊற்று தெளிவாக ஓடுகிறதா என்பவற்றையும் நேரில் பார்ப்பார்களாக. மேலே உள்ள குடியிருப்பின் ஊற்று தெளிவாக இருந்தால்தான் கீழே உள்ள விவசாயியின் வாய்க்காலிலும் நல்ல நீர் வரும்.