திருப்பினால் "டக், டக்" சத்தம்!
பழைய காரின் முன்சக்கரத்தில் என்ன கோளாறு?

நேராக ஓடும்போது கார் நன்றாகத்தான் இருக்கிறது. தெருமுனையில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் போதும், முன்சக்கரத்தில் இருந்து "டக், டக், டக்" என்று சத்தம்! பழைய மாருதி 800 வைத்திருக்கும் பலருக்கும் பழகிய சத்தம் இது.

தேய்ந்திருப்பது சி.வி. ஜாயிண்ட். இதை அறியாமல் பட்டறைக்குப் போகும் சம்பளக்காரர், தேவையில்லாத உதிரி பாகத்துக்கும் பணம் கொடுத்துவிட்டு வர நேரும்.

பம்பாயில் ஓடிய கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிகளில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றை ஓட்டியது பின்சக்கரம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 காரை இழுப்பது முன்சக்கரம். அந்தச் சக்கரம் காரை இழுக்கவும் வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுப்பதே இந்த மூட்டு. இதனுள் ஆறு எஃகு குண்டுகள் கிரீசில் உருளுகின்றன.

எமன் எங்கே?

மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறைக்கு 'பூட்' என்று பெயர். வயதானால் அதன் மடிப்புகளில் வெடிப்பு விடும். கிரீஸ் வெளியே தெறிக்கும். மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே புகும். அப்புறம் குண்டுகளும் அவை உருளும் பள்ளங்களும் அரைபடத் தொடங்கும்.

சத்தம் வருமுன்னே கண்டுகொண்டால், சுத்தம் செய்து புது கிரீசும் புது பூட்டும் போட்டால் பெரும்பாலும் போதும். சத்தம் வந்துவிட்டால் கிரீஸ் அடைத்துப் பயன் இல்லை. மூட்டையே மாற்ற வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆள் இல்லாத மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டம் அடிக்க வேண்டும். வலப்புறம் திருப்பும்போது சத்தம் பெரிதானால், பெரும்பாலும் இடது சக்கர மூட்டு தேய்ந்திருக்கும். இடப்புறம் என்றால் வலது.

சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திரும்பாமல் நேராக ஓடும்போதே "ஊ" என்று இரைந்தால், சக்கர பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

மாற்றும் முறை

கார் தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் நடு நட்டைத் தளர்த்த வேண்டும். பிறகு தூக்கி, உறுதியான ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து!

சக்கரத்தைக் கழற்றி, கீழ் பால் ஜாயிண்டைப் பிரித்தால் ஆக்ஸில் தண்டை வெளியே இழுக்கலாம். கியர் ஆயில் ஒழுகும். அடியில் பாத்திரம் வேண்டும். பழைய மூட்டைத் தட்டிக் கழற்றி, புதியதை அதற்குரிய கிரீஸ், பூட், கிளாம்புகளோடு மாட்ட வேண்டும். பல் எண்ணிக்கை பழையதோடு ஒத்திருப்பது அவசியம். கடைசியில் நடு நட்டைக் கையேட்டில் கண்ட அளவுக்கு முடுக்கி, பின் போட்டு, ஒழுகிய ஆயிலை நிரப்ப வேண்டும்.

கருவியும் பழக்கமும் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஆனால் "எந்தப் பக்கம், உள் மூட்டா, வெளி மூட்டா?" என்று கேட்கலாம். கழற்றிய பழைய மூட்டைக் காட்டச் சொல்லலாம்.

மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை குனிந்து அந்த ரப்பர் உறையைப் பார்த்துவிட்டால், பெரிய செலவு வராமல் தடுக்கலாம்.