புதுக் கேமின் முதல் இருபது நிமிடம்

செவர்லே 1955-இல் கொண்டுவந்த சிறிய வி8 எஞ்சினை அமெரிக்க வீட்டுக் கராஜ்களில் இன்றும் பிரித்துப் பூட்டுகிறார்கள். வேகம் கூட்ட நினைப்பவர் கை வைப்பது பெரும்பாலும் கேம்ஷாஃப்டில்தான்; சுருக்கமாகக் கேம். எஞ்சினின் நடுவே கிடக்கும் ஒற்றைத் தண்டு; அதில் 16 மேடுகள். வால்வு எப்போது, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறக்கும் என்பதெல்லாம் அந்த மேட்டின் வளைவில் இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடும்.

அந்த வேகத்தில் காற்றும் லேசுப்பட்டதல்ல. பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும், வந்த உந்தத்தில் சிலிண்டருக்குள் புகுந்துகொண்டே இருக்கும். அதனால் பந்தயக் கேம், இன்டேக் வால்வைத் தாமதமாகவே மூடும். எக்ஸாஸ்ட் வால்வு மூடும் முன்பே அதைத் திறந்தும்விடும். மெதுவாக ஓடும்போது இதே ஏற்பாடு காலை வாரும். எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பும், ஐடிலிங் தடதடக்கும், வெற்றிடம் குறைந்து பிரேக் பூஸ்டர் சோர்ந்துபோகும். அந்தத் தடதடப்பைச் சங்கீதமாகக் கேட்பவர்கள் உண்டு. தினமும் சிக்னலில் நிற்கிற காருக்கு ஒரு படி சிறிய கேமே போதும் என்பது என் கட்சி.

மாட்டும்போது தண்டைச் சுழற்றிச் சுழற்றி, பேரிங்கில் கீறல் விழாமல் நுழைக்க வேண்டும். பிறகு டைமிங் சக்கரங்களின் புள்ளிகளை நேர்படுத்த வேண்டும்.

விந்தை, மேட்டின் மேல் அமர்ந்து அதன் உதையை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டரில் இருக்கிறது. அதன் அடிப்பாகம் தட்டையாகத் தெரியும். உண்மையில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு குவிந்திருக்கும். மேடும் அதேபோல் ஒரு பக்கம் மெல்லச் சரிந்திருக்கும். அதனால் லிஃப்டர் ஒவ்வொரு உதையிலும் கொஞ்சம் சுழல்கிறது. தேய்மானம் ஒரே இடத்தில் விழுவதில்லை. சுழலாத லிஃப்டர் மேட்டை அரைத்துத் தள்ளிவிடும்.

இந்த மேடுகளுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க்ஷாஃப்ட் வாரி இறைப்பதால்தான் கிடைக்கிறது. ஆகவே புதுக் கேம் மாட்டி முதல்முறை ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாமல், 2,000 சுற்றுக்கு மேல் வைத்து இருபது நிமிடம் ஓட்டுகிறார்கள். துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த எண்ணெய் ஊற்றுவதும் இந்த உரசலைத் தாங்கத்தான்.

அடியில் உருளை வைத்த லிஃப்டருக்கு இந்தப் பாடு கிடையாது. தட்டை லிஃப்டர் என்றால், புதுக் கேமோடு லிஃப்டரையும் புதிதாக வாங்கிவிடுங்கள். பழையதை மாட்டி மிச்சம் பிடித்தால் கேமையே திரும்ப வாங்க வேண்டியிருக்கும்.